தோளில் இருந்த குழந்தை

அழைப்பிதழைக் கிழித்து எறியப்போன வேல்முருகனின் கையை அவர் மகள் ஜீவிதா எட்டிப் பிடித்ததோடு போன வாரம் விட்டிருந்தோம். அழைப்பிதழ் பிழைத்துக்கொண்டது. வேல்முருகனின் வயிற்றெரிச்சல்தான் ஒரு வாரமாகியும் அடங்கவில்லை.

எரியாமல் என்ன செய்யும்? 'நடிகர், இயக்குநர் தாமல் காசிநாதன் நூற்றாண்டு விழா' என்று தலைப்பு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'திருவுருவப் படத்தைத் திறந்து வைப்பவர்: மடைக்காவல் திரைப்படப் புகழ் பேபி இந்திராணி'. அறுபத்தாறு வயதில் பேபி! சரி, அக்கா போகட்டும். காசிநாதனின் ஒரே மகனான வேல்முருகனின் பெயர் எங்கே? பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கீழே, கடைசி மூலையில் இருந்தது. 'ஒலி, ஒளி: வேல்முருகன் சவுண்ட்ஸ், பிள்ளையார்பாளையம்.'

பெற்ற அப்பாவின் விழாவுக்கு மகன் மைக்செட் போடுகிறார். அதுவும் பாதி வாடகைக்கு.

புதிதாக இந்த வாரம் சேர்ந்துகொண்டவர்களுக்காகக் காசிநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாமல் கிராமத்தில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே பாரதக் கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். அங்கிருந்து நாடகக் கம்பெனி, நாடகத்திலிருந்து சினிமா. ஒரு படத்தில் பிச்சைக்காரன், அடுத்த படத்தில் ஜமீன்தார், அதற்கடுத்ததில் வாய் ஓயாத நாத்தனார். எந்த வேஷம் கொடுத்தாலும் அதுவாகவே ஆகிவிடுவார். கதாநாயகனாக மட்டும் யாரும் போடவில்லை. நிறம் போதாது என்றார்களாம். நிறம் மட்டும்தான் காரணமா என்று காசிநாதன் யாரையும் கேட்டதில்லை. நாமே படம் எடுத்தால் ஆயிற்று என்று இயக்குநராகிவிட்டார்.

அவர் படப்பிடிப்பில் யாருக்கும் வாயால் விளக்கம் சொல்ல மாட்டார். கதாநாயகி அழவேண்டுமென்றால் முதலில் இவரே அழுது காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு, இதற்குமேல் நான் என்ன அழுவது என்று ஒரு கதாநாயகி கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போன கதையும் உண்டு.

ஐந்து படம் எடுத்தார். ஐந்தாவது படுத்துவிட்டது. 1967-ல் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்து, பிள்ளையார்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்தார். அப்புறம் சாகும்வரை பஞ்சர் ஒட்டினார். அவ்வளவுதான் காசிநாதனின் கதை.

ஆனால் 'மடைக்காவல்' படத்தில் ஒரு காட்சி இருக்கிறதே, அதை இந்த ஊர் மறக்கவில்லை. ஏரி உடைகிறது. ஒரு கண் பூ விழுந்த கிழட்டு மடைக்காவல்காரன், தன்னைச் சாட்டையால் அடித்த பண்ணையாரின் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நடக்கிறான். குழந்தையைக் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுகிறான். கிழவனும் காசிநாதன், சாட்டையால் அடித்த பண்ணையாரும் காசிநாதன்.

தோளில் இருந்த குழந்தை இந்திராணி. காஞ்சிபுரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் அவளைப் 'பேபி அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்கிறார்கள், டி.வி.யில் பேட்டி எடுக்கிறார்கள். வேல்முருகன் பிறந்ததோ அந்தப் படம் வந்து மூன்று வருஷம் கழித்து. அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது அப்பா கையில் பசை டப்பா இருந்தது.

விழா நாள் காலையில் வேல்முருகன் கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர்களைப் பொருத்திவிட்டுத் திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 'மடைக்காவல்' படத்துக்கு இத்தனை நாளாக இருந்தது ஒரே ஒரு மங்கிய வீடியோ கேசட்தான். அதில் மனிதர்கள் எல்லாம் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி தெரிவார்கள். போன வருஷம் ஆரணிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தியேட்டரின் பரணில் ஃபிலிம் சுருள் கிடைத்தது. அதை மும்பைக்கு அனுப்பித் தூசு தட்டி, கீறல் நீக்கி, விழாக் குழுவினர் புதுசாக்கி வாங்கியிருந்தார்கள்.

ஜீவிதா லேப்டாப்பைத் திரையோடு இணைத்து அந்தக் காட்சியை ஓட்டினாள். சென்னையில் ஏதோ ஒரு யூடியூப் சேனலுக்கு எடிட்டிங் செய்கிறவள் அவள். தாத்தா விழாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"செமயா இருக்குதுப்பா. தாத்தா தாடியில தண்ணி சொட்றது கூட தெரியுது பாரு."

சத்தத்தைச் சரிபார்க்க வந்த வேல்முருகன் சத்தத்தை மறந்து நின்றார். திரை முழுக்கக் குழந்தையின் முகம். கண்ணிமையில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. எல்லாம் துல்லியமாக இருந்தன. ஆனால் என்னவோ ஒன்று குறைந்தது.

"கொஞ்சம் பின்னாடி போ. நிறுத்து. அந்தக் கொழந்த மூஞ்சிய பெருசு பண்ணு."

"அத்த மூஞ்சியா? இன்னாப்பா, இப்ப கூட பொறாமையா?"

"பெருசு பண்ணுன்றேன்ல."

குழந்தையின் மூக்கு திரையில் இரண்டடி அகலத்துக்கு வந்தது. சுத்தமான, வழுவழுப்பான மூக்கு. அதில் எதுவும் இல்லை.

இந்திராணிக்கு முன்னால் அவள் அம்மா பொன்னியம்மாளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. மூன்றாவதாவது நிலைக்கவேண்டுமே என்று, பிறந்த அன்றே இந்திராணியை முறத்தில் தவிட்டைப் பரப்பிக் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தானம் கொடுத்து, ஒரு பிடி தவிட்டுக்குத் திரும்ப விலைக்கு வாங்கினார்கள். அதோடு வலது மூக்கைக் குத்தி ஒரு தங்க வளையமும் போட்டார்கள். எமன் வந்தால், இது யாரோ தவிட்டுக்கு வாங்கிய மூளிப் பிள்ளை என்று விட்டுவிட்டுப் போய்விடுவானாம். வயசுக்கு வரும்வரை அந்த வளையத்தைக் கழற்றவே கூடாது என்பது வேண்டுதல்.

அந்த வளையத்தைப் பற்றி வேல்முருகனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டவர் அவர். எனக்கும் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதிருக்கிறார்.

"ஷூட்டிங்குக்காக கழட்டி இருப்பாங்கப்பா" என்றாள் ஜீவிதா, விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"காய்ச்சல்ல மூக்கு வீங்கி சீழ் வச்சப்ப கூட எங்கம்மா கழட்ட வுடல. சரி, கழட்டனாங்கன்னே வச்சிக்கோ. தொள எங்க? அக்காவுக்கு இன்னிக்கும் அந்தத் தொளயில ஈர்க்குச்சி போவும்."

ஜீவிதா இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். துளை இல்லை.

"அப்போ இது அத்த இல்லயா?"

"இல்ல." சொன்ன குரலிலேயே ஒரு துள்ளல் இருந்தது. வெகுநாளாக மூடிக்கிடந்த ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது வேல்முருகனுக்கு. இத்தனை மாலை, இத்தனை பேட்டி, இத்தனை பேபி! எல்லாம் பொய். "இத்த எம் ஃபோனுக்கு அனுப்பு."

"அப்பா, இன்னிக்கி வேணாம்ப்பா. ஃபங்ஷன் முடியட்டும்."

"அனுப்புமா."

ஓரிக்கையில் இந்திராணியின் வீட்டுக்கு வேல்முருகன் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வழியெல்லாம் அவர் வாதங்களைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தார். அக்கா மறுப்பாள். கழற்றினோம் என்பாள், மேக்கப்பில் மறைத்தோம் என்பாள், ஃபிலிமைத் தேய்த்தபோது வளையமும் தேய்ந்துவிட்டது என்பாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

இந்திராணி சாயங்காலத்துக்கான அரக்குப் பட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடா. சாப்ட்டியா? மோர்க்கொழம்பு இருக்குது."

"சாப்பாடு இருக்கட்டும். இத்த பாரு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனை வாங்கினாள். நிதானமாகப் பார்த்தாள். மூக்கைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"எவ்ளோ தெளிவா இருக்குது" என்றாள். "சிரிக்குது பாரு."

"யாருக்கா அது?"

"தெரியாது."

வேல்முருகனின் வாதங்கள் எல்லாம் வாயிலேயே நின்றன. "அப்போ நீ இல்லன்னு உனக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குடா தெரியும்? நான் அங்க தான இருந்தேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியை உட்காரச் சொல்லவில்லை. அவராகவே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தென்னேரி ஏரியில ஷூட்டிங். நைனா கடைசியா ஊட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆயிருந்துது. அம்மா என்ன குளிப்பாட்டி, பவுடர் அடிச்சி, 'இன்னிக்கி நைனா உன்ன தூக்கிக்குவாரு'ன்னு சொல்லிக் கூட்டிக்கினு போனா. காத்தாலருந்து கரையில உக்காந்துக்கினு நைனா எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு வழிய பாத்துக்கினே இருந்தேன். மத்தியானமா ஒரு கெழவன் வந்தான். தாடியும், அழுக்குத் துணியும், ஒரு கண்ணு வெள்ளையா பூ வுழுந்தும். வந்தவன் நேரா என்ன தூக்கறான். நான் போட்ட கூச்சல்ல கொக்கெல்லாம் பறந்து பூடுச்சி. கையக் கடிச்சிட்டேன்."

"நைனாவயா?"

"நைனான்னு தெரிஞ்சா கடிப்பனா? 'எங்க நைனா வருவாரு, உன்ன ஒதைப்பாரு'ன்னு அவர்கிட்டயே சொன்னேன்."

வேல்முருகனுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"நீ சிரிப்ப. அவரும் சிரிச்சாரு. கடிச்ச கையத் தூக்கி எல்லாருக்கும் காட்டனாரு. 'பெத்த பொண்ணுக்கே அடையாளம் தெரியல, ஒரு நடிகனுக்கு இதுக்கு மேல இன்னாய்யா வேணும்'னு சொன்னாரு. கேமராக்காரரு, லைட்டுக்காரரு எல்லாம் கை தட்டனாங்க. நான் அழுதுக்கினு நிக்கறேன், அவருக்கு அவ்ளோ சந்தோஷம்."

"அப்புறம்?"

"வெளிச்சம் பூடும்னு சொல்லி அங்க இருந்த வேற ஒரு கொழந்தய தூக்கி தோள்ல வச்சிக்கினாரு. அது அழல. தலமுடிய புடிச்சிக்கினு ஜம்முனு உக்காந்துக்கிச்சி. நாலு வாட்டி தண்ணியில எறங்கி ஏறனாரு. நான் கரையில நின்னு பாத்துக்கினே இருந்தேன். சாயங்காலம் தாடிய உரிச்சப்புறம் தான் அது எங்க நைனான்னு தெரிஞ்சிது. அதுக்குள்ள படம் புடிச்சி முடிச்சிட்டாங்க."

வேல்முருகன் இளகவில்லை. இத்தனை வருஷம் சேர்த்த எரிச்சல் ஒரு கதைக்கு இளகுமா?

"அப்போ அறுபது வருஷமா பொய் சொல்லி மால வாங்கிக்கினு இருந்திருக்க."

"அம்மா கௌம்பும்போதே ஊர் பூரா சொல்லிட்டா, எம் பொண்ணு சினிமாவுல வர்றான்னு. திரும்பி வந்து இல்லன்னு சொல்ல அவளுக்கு வாய் வரல. அப்புறம் எனக்கும் வரல."

"எனக்கு இன்னா தெரியுமாக்கா? எங்க போனாலும், 'நீங்க பேபி அக்கா தம்பியா?' எம் பேரு யாருக்கும் தெரியாது. நீ நைனாவோட மேடையில இருந்த. நான் நைனாவோட பஞ்சர் கடையில இருந்தேன்."

இந்திராணி கண்ணாடியைக் கழற்றினாள்.

"இருந்த இல்ல? அத்த சொல்லு. கடையில கூட இருந்த. சைக்கிள் பார்ல உக்கார வச்சிக்கினு ஊரு சுத்தனாரு. மூக்குவளையம் வேணும்னு நீ அழுதப்ப, ஸ்போக்கு கம்பிய வளச்சி உனக்கு மாட்டி வுட்டாரு. நான் ரெட்ட சட போட்டுக்கினு கதவாண்ட நின்னு பாத்தேன். என்ன தூக்கற வயசுல அவரு ஊட்ல இல்லடா. அவரு ஊட்டுக்கு வந்தப்ப எனக்கு எட்டு வயசு, தூக்கற வயசு பூடுச்சி. வெளியூர்க்காரர பாக்கற மாதிரி நான் அவர பாத்தேன், அவரும் என்ன அப்படித்தான் பாத்தாரு. நீ பொறந்து ஒரு வயசு கூட ஆவல. உனக்கு முழுசா கெடச்சாரு."

"பஞ்சர் ஒட்டறவரு கெடச்சாரு."

"அந்த பஞ்சர் ஒட்டறவர எனக்குக் குடுத்துட்டு, ஆர்ட்டிஸ்ட்ட நீ எடுத்துக்கோயேன்!"

வேல்முருகனுக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. தன்னைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதனால் அவர் மேலும் கோபமானார்.

"சாயங்காலம் மேடையில சொல்லிடுவேன்."

"சொல்லு. மைக்கு உங்கிட்ட தான இருக்குது."

இந்திராணி எழுந்து மறுபடியும் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். வேல்முருகன் மோர்க்குழம்பு சாப்பிடாமலே வண்டியை உதைத்தார்.

மண்டபம் சாயங்காலம் நிரம்பி வழிந்தது. தாமலிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். விழாக் குழுச் செயலாளர் இளங்கோவன், முன்னாள் கவுன்சிலர், மைக் கிடைத்தால் விடாதவர், மேடையில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். இந்திராணி அரக்குப் பட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேல்முருகன் மேடையோரம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றார். ஜீவிதா அப்பாவைப் பார்க்கிறாள், அத்தையைப் பார்க்கிறாள், நகத்தைக் கடிக்கிறாள்.

மனசுக்குள் வேல்முருகன் பேச்சைத் தயாராக வைத்திருந்தார். 'பெரியோர்களே, நீங்கள் இவ்வளவு காலமாக யாருக்கு மாலை போட்டீர்கள் தெரியுமா?' என்று ஆரம்பம். அந்த இடத்தில் கூட்டம் சலசலக்கும். அக்கா முகம் வெளுக்கும். நினைக்க நினைக்க ருசியாக இருந்தது. நடுவில் ஒரு ஞாபகம் வந்து கெடுத்தது.

வைகாசித் திருவிழா. கருட சேவை. தேரடியில் தலைகளைத் தவிர எதுவும் தெரியாத கூட்டம். ஐந்து வயது வேலு அப்பா தோள்மேல் உட்கார்ந்திருக்கிறான். கருடன், குடை, தீவட்டி எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. கீழே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பன்னிரண்டு வயது அக்கா அண்ணாந்து பார்த்துக் கேட்கிறாள்: "இன்னாடா தெரியுது? சொல்லேன்." சொல்ல மாட்டேன் போ என்று அவன் பழித்துக்காட்டுகிறான்.

விளக்குகள் அணைந்தன. படம் ஓடியது. கிழவன் தண்ணீரில் இறங்கியபோதே கூட்டம் விசும்ப ஆரம்பித்துவிட்டது. குழந்தையின் முகம் வந்ததும் எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின. விளக்கு வந்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அந்தக் குழந்தை படத்தைத் திறந்து வைப்பதற்கு முன்னால்," என்று இளங்கோவன் இழுத்தார், "ஐயாவோட மகன், நம்ம மைக்செட் வேலு ரெண்டே ரெண்டு வார்த்தை."

வேல்முருகன் கம்பியில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு நடுமேடைக்கு வந்தார். அக்காவைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, தலையும் குனியவில்லை. சொல்லித் தொலை என்பது போல நேராகப் பார்த்தாள். அழுதுகொண்டே கரையில் நின்ற நாலு வயதுப் பெண்ணும் இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"படத்துல ஒரு கொழந்தய பாத்தீங்க. அது யாருன்னு தெரியும்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்கீங்க. அந்தக் கொழந்த..." மைக்கை மற்றொரு கைக்கு மாற்றினார். "அது எங்க அக்கா தான். வேற யாரு?"

மறுபடியும் கைதட்டல். ஜீவிதா நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள். வேல்முருகனுக்கே தன் வாய்மேல் ஆச்சரியம். இத்தனை நாள் கைக்கு வராத ஆயுதம் இன்றைக்குத்தான் வந்தது, வந்த அன்றே கீழே போட்டுவிட்டார். வருத்தமாகவும் இருந்தது, நெஞ்சு லேசாகவும் இருந்தது.

இந்திராணி மேடையேறினாள். மாலை போட வந்தவர்களைக் கையால் தடுத்துவிட்டு நேராக மேடை மைக் முன்னால் போய் நின்றாள்.

"எந் தம்பி பொய் சொல்றான்."

கூட்டம் சிரித்தது. பேபி அக்கா தமாஷ் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

"அவன் எனக்காக ஒரு நாளும் பொய் சொன்னது இல்ல. இன்னிக்கி சொல்றான். அதனால நான் நெசத்த சொல்லிட்றேன். அந்தக் கொழந்த நான் இல்ல. நைனாவ வேஷத்துல பாத்து பயந்து கத்திட்டேன். கடிச்சிட்டேன். அதனால வேற கொழந்தய தூக்கிக்கினாரு. எங்கம்மா சொன்ன பொய்ய நான் அறுபது வருஷமா வச்சிக்கினு இருந்தேன். மன்னிச்சிக்கோங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இளங்கோவன் கையிலிருந்த பொன்னாடையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"அந்தக் கொழந்த யாருன்னு எனக்குத் தெரியாது. உயிரோட இருக்குதான்னும் தெரியாது. எங்கனா இருந்து, இத்த கேட்டுக்கினு இருந்தா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க நைனா தோள் மேல உக்காந்தா எப்படி இருந்துது? எனக்கு அது மட்டும் தெரியல. இந்த வயசுலயும் எனக்குப் பொறாமையா இருக்குது."

வேல்முருகனுக்குப் பதில் தெரியும். இடது தோள் எலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், தொடையில் குத்தும். விழுந்துவிடாமல் இருக்க அப்பா கணுக்கால் இரண்டையும் வலிக்கிற மாதிரி பிடித்திருப்பார். கழுத்தில் ரப்பர்ப் பசை நாற்றம் அடிக்கும். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. இத்தனை வருஷமாக அவளும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'நான் சொல்றேன்க்கா' என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் பெண்கள் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

அறுபத்தைந்து வயதிருக்கும். சாயம் போன காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப் பை. ஊர்க்காரி இல்லை. அவள் ஏதோ சொன்னாள். மேடைவரை கேட்கவில்லை.

"மைக், மைக்! வேலு, அங்க குடுப்பா" என்றார் இளங்கோவன்.

கொடுக்காமல் என்ன செய்வது? தொழில் அது. வேல்முருகன் மேடையிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். தான் சொல்ல வேண்டிய பதிலை இன்னொருத்தி சொல்லப் போகிறாள் என்பதே அவருக்குக் கசந்தது. மைக்கை அவள் கையில் கொடுக்க மனசில்லாமல், தானே பிடித்துக்கொண்டு அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"அந்தக் கொழந்த நான் தாங்க" என்றாள் அவள். "மெட்ராஸ்ல இருந்து வர்றேன். பேப்பர்ல பாத்தேன்."

மண்டபம் 'ஓ'வென்றது. எல்லோரும் திரும்பினார்கள். யாரோ கைதட்ட, பின்னாலேயே பத்துப் பேர் தட்டினார்கள். அந்தப் பெண்மணி அது அடங்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு மேடையில் நின்ற இந்திராணியைப் பார்த்துப் பேசினாள். குரலில் வம்பு எதுவும் இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரல்.

"தோள் மேல உக்காந்தா எப்படி இருந்துதுன்னு கேட்டீங்க. நீங்க எத கேக்கறீங்கன்னு தான் எனக்குப் புரியல. அன்னிக்கி ஷூட்டிங்ல தூக்கிக்கினாரே, அதையா? இல்ல, தெனம் சாயங்காலம் எங்க ஊட்டுக்கு வந்தா செருப்ப கூட கழட்டாம என்ன தூக்கி வச்சிக்குவாரே, அதையா?"

வேல்முருகனின் கட்டைவிரல் தானாகவே மைக்கின் பொத்தானுக்குப் போனது. இதற்குமேல் ஒரு வார்த்தை இந்த ஊர் கேட்கக் கூடாது. அக்கா கேட்கக் கூடாது. முதலில், தான் கேட்கக் கூடாது.

காலையில் அவர் பொருத்திய நாலு ஸ்பீக்கர்களிலிருந்தும் அக்காவின் குரல் வந்தது.

"ஆஃப் பண்ணாத வேலு. அவங்க சொல்லட்டும்."